வராதவர்களின் வருகைப் பதிவேடு

எங்கள் வீட்டு விவிலியத்தில், தானியேல் நூலின் இறுதிப் பக்கங்களுக்கு நடுவே, நிறம் மங்கிய அஞ்சல் அட்டை ஒன்று இருக்கிறது. பதிவுத் தபாலோடு இணைத்து அனுப்பிய ஒப்புகை அட்டை அது. ஒரு பக்கத்தில் என் முகவரி. மறுபக்கத்தில் ஓர் அலுவலகத்தின் நீல முத்திரை, யாரோ ஒருவரின் அவசரக் கையெழுத்து, 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்துத் தேதி. நான் எழுதிய ஒரு கடிதத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே பதில் அது. "இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் அம்மா?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். அவளுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். 1984இல் தமிழக அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்துவிட்ட பின்னர், நகருக்கு மேற்கே வயலாகவும் ஏரிக்கரையாகவும் கிடந்த நிலங்களில் கல்லூரிகள் எழுந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவரின் மகனும், பட்டாபிராமில் காய்கறிக் கடை வைத்திருந்தவரின் மகளும் அந்தப் பேருந்துகளில் ஏறினார்கள். 2010இல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையை அரசு அளிக்கத் தொடங்கியதும் அவர்கள் எண்ணிக்கை மேலும் பெருகியது. அப்படிப்பட்ட கல்லூரி ஒன்றில் நான் கணிதம் கற்பித்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அன்று அது தனியொரு கல்லூரியின் கதையாக இருந்ததில்லை என்பதைப் பின்னர் நாடே அறிந்துகொண்டது.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆண்டுதோறும் வரும் ஆய்வுக்குழுவுக்கான கோப்பை எங்கள் துறையின் சார்பில் ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அப்போது 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்கவேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. (2018இல் இது 20 மாணவருக்கு ஒருவர் என்று தளர்த்தப்பட்டது.) என் கைக்கு வந்த பட்டியலில் எங்கள் துறைக்கு 22 பெயர்கள் இருந்தன. ஆசிரியர் அறையில் நாற்காலிகள் 14. முதலில் நான் தவறாக எண்ணிவிட்டதாகவே நினைத்தேன். கணக்கு ஆசிரியைக்கு எண்ணுவதில் பிழை வரலாகாது அல்லவா? மீண்டும் எண்ணினேன். எட்டுப் பேரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் அவர்கள் ஒருநாள்கூடத் தவறாமல் வந்திருந்தார்கள். விடுப்பே எடுக்காத ஆசிரியர்கள் அவர்கள்!

"இந்தப் பெயர்களுக்கும் பாடவேளை ஒதுக்கி ஒரு கால அட்டவணை போடுங்கள்" என்றார் துறைத்தலைவர். நான் போட்டேன். இதை மறைக்காமல் எழுதவேண்டும். அந்தப் பொய் அட்டவணையை வரைந்தது என் கை. கீழே இருப்பது என் கையெழுத்து. ஆய்வு நாளன்று ஒரு வேனில் சிலர் வந்து இறங்கினார்கள். நாற்காலிகள் கூடுதலாகப் போடப்பட்டன. மதிய உணவு முடிந்ததும் வேன் போய்விட்டது. மறுநாள் முதல் வழக்கம்போல் இரு பிரிவு மாணவரையும் ஒரே அரங்கில் அமர்த்தி, 120 பேருக்கு நான் ஒருத்தி பாடம் நடத்தினேன். நான் செல்ல முடியாத மற்ற வகுப்புகளுக்கு, அந்தந்த வேளையில் கையில் வேலையில்லாத யாரோ ஒருவர் சென்று அமர்ந்திருந்தார்.

அன்று மாலை நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் அசல் சான்றிதழ்கள் அனைத்தும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொடங்கி, கல்லூரி அலுவலகத்தின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. பணியில் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டவை அவை. அவற்றைத் திருப்பித் தராவிட்டால் வேறெங்கும் வேலை தேட முடியாது. வீட்டுக் கடன் தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வந்துவிடும். உடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா டீச்சர்?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அஞ்சி வாழ்ந்தவர். அவர் கேட்ட கேள்வி என் வாயை ஓராண்டுக்கு அடைத்துவிட்டது.

நம் மொழியில் இந்தச் செயலுக்கு நல்ல பெயர் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். காட்டிக்கொடுத்தல், கோள் சொல்லுதல், போட்டுக்கொடுத்தல், இரண்டகம். எல்லாமே வசைச் சொற்கள். அதிலும் 'காட்டிக்கொடுத்தல்' என்றதும் நம் கத்தோலிக்க மனங்களில் எழுகின்ற முகம் யூதாசின் முகம். ஒவ்வோர் ஆண்டும் புனித வாரத்தில் முப்பது வெள்ளிக் காசுகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெயரை யார்தான் சூட்டிக்கொள்ள விரும்புவர்?

இந்தக் குழப்பத்தோடு என் தந்தையிடம் சென்றேன். அவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பணி செய்து ஓய்வு பெற்றவர். விஜயந்தா டாங்கிகளின் காலந்தொட்டு அங்கே இருந்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்.

"நான் முப்பத்து நாலு வருஷம் கேஜ் பிடிச்சவன்மா. பாகம் கேஜுக்குள்ளே போகுதா, போகலையா, அது ஒண்ணுதான் என் வேலை. போகலைன்னா சிவப்புப் பெயின்ட் அடிச்சு, சீட்டுக் கட்டிடுவேன். அதை யார் கடைஞ்சதுன்னு நான் பார்த்ததில்லை. கடைஞ்சவன் என் கூட்டாளியாக்கூட இருப்பான், சாயங்காலம் ஒண்ணா டீ குடிப்போம். அவனைத் திட்டறதுக்காக நான் சீட்டுக் கட்டலை. அந்த வண்டிக்குள்ளே ஒரு பையன் உட்காரப்போறான்ல, அவனுக்காகக் கட்டினேன்."

அவர் எனக்குக் கட்டளை எதுவும் இடவில்லை. "உன் வகுப்பிலே உட்கார்ந்திருக்கிறது யாருன்னு யோசி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விட எழுந்து போய்விட்டார்.

யோசித்தேன். உண்ட வீடு, உண்ட வீடு என்கிறோமே, நான் உண்டது யார் வீட்டுச் சோறு? தாளாளர் தம் வயலில் விளைவித்ததையா எனக்கு அளந்தார்? மாதந்தோறும் எனக்கு வந்த ஊதியம், லேத் பட்டறையில் இரவுப்பணி பார்த்த ஒரு தகப்பனின் கூலி. நகையை அடகு வைத்த ஒரு தாயின் துணிவு. முதல் பட்டதாரிக்கென அரசு கருவூலத்திலிருந்து ஈந்த பொதுப்பணம். அப்படியானால் நான் யாருக்கு இரண்டகம் செய்துகொண்டிருந்தேன்? இந்தக் கேள்வி தோன்றிய பிறகு இரவுகளில் உறக்கம் எளிதாக வரவில்லை.

இருப்பினும் தயங்கினேன். அந்தத் தயக்கத்தின் நடுவே நிகழ்ந்த ஒன்றை வாசகர்கள் அறியவேண்டும். ஏனெனில், அன்று சினத்தோடு உடனே எழுதியிருந்தால், நான் ஒரு குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கியிருப்பேன்.

2015 டிசம்பர் பெருவெள்ளத்தால் தேர்வுகள் தள்ளிப்போயின. விடைத்தாள் திருத்தும் முகாம் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நடந்தது. பல கல்லூரி ஆசிரியர்கள் கூடும் இடம் அது. என் அருகே அமர்ந்திருந்த இளம்பெண் தம் பெயரைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பதிவேட்டில் விடுப்பே எடுக்காத எண்மருள் ஒருவரின் பெயர் அது. பட்டம் பெற்ற ஆண்டும் கல்லூரியும் ஒத்துப்போயின. ஓராண்டாக அந்தப் பெயரை மனத்துக்குள் எத்தனை முறை ஏசியிருப்பேன்! பாடம் நடத்தாமல் ஊதியம் வாங்கும் ஏமாற்றுக்காரி என்று தீர்ப்பே எழுதி வைத்திருந்தேன்.

தேநீர் இடைவேளையில் மெதுவாக விசாரித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் நான்கே மாதங்கள் பணியாற்றிவிட்டு, திருமணமாகி, திருவள்ளூர்ப் பக்கம் வேறொரு கல்லூரிக்குச் சென்றுவிட்டவர் அவர். எங்களிடமிருந்து ஒரு காசும் பெறவில்லை. அவர் பெயர் இன்னும் எங்கள் பதிவேட்டில் நாள்தோறும் கையொப்பம் இட்டுக்கொண்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "அக்கா, என் பேரை எங்கேயும் எழுதிடாதீங்க. நான்தான் ரெண்டு இடத்திலே சம்பளம் வாங்கினேன்னு சொல்லிடுவாங்க" என்று கெஞ்சினார்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். சூசன்னாவின் கதையை நாம் அறிவோம். ஊர்ப் பெரியவர்கள் இருவர் சொன்னதை ஊரே நம்பிவிட்டது. அவளைக் கொலைக்குக் கொண்டுபோகும் வழியில், இளைஞன் ஒருவன் மட்டும், இந்தப் பழியில் தனக்குப் பங்கில்லை என்று உரத்துக் கூவினான். கூட்டம் நின்றது. இந்தத் துணிவைத்தான் மறையுரைகளில் நாம் பெரிதும் கேட்டிருக்கிறோம். அன்றிரவு அந்தக் கதையின் மறுபாதி என் கண்ணில் பட்டது. தானியேல் கூவியதோடு நிற்கவில்லை. அந்த முதியவர்களைத் தனித்தனியே பிரித்து வைத்தான். எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டான். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் அங்கேதான் உடைந்தது. உரத்துப் பேசும் துணிவும், பொறுமையாக விசாரிக்கும் நேர்மையும் ஒருவரிடமே இருந்ததால் சூசன்னா பிழைத்தாள். துணிவு மட்டும் இருந்து விசாரணை இல்லாமற் போயிருந்தால், கல்லெறியும் கூட்டத்தில் இன்னொரு குரல் கூடியிருக்கும், அவ்வளவே.

என் தந்தை சொன்ன கேஜும் இதுவே என்று விளங்கியது. பாகம் பொருந்தவில்லை என்று சொல்வது என் கடமை. யார் கடைந்தார், ஏன் கடைந்தார் என்று தீர்ப்பிடுவது என் வேலையன்று. கண்டதைச் சொல்லவேண்டும், கருதியதைச் சொல்லலாகாது. பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருக்கச் சொல்லும் கட்டளை, உண்மைச் சான்றை விழுங்கிவிடுவதற்கு நமக்கு அனுமதி தரவில்லை.

அடுத்த ஆய்வுக்கான கோப்பு மீண்டும் என் மேசைக்கு வந்தது. இம்முறை முதலில் கல்லூரி முதல்வரைத் தனியே சந்தித்தேன். தவறு செய்தவரிடம் முதலில் தனிமையில் பேசு, கேளாவிட்டால் பிறர் துணையோடு பேசு, அதன்பிறகே சபையிடம் சொல் என்று ஆண்டவர் வகுத்த படிகள் எத்துணை நுட்பமானவை! மனிதனுக்குத் திருந்த ஒரு வாய்ப்புத் தராமல் அவனை அம்பலத்தில் நிறுத்துவதை அவர் விரும்பவில்லை. ஆனால் அந்தப் படிகள் முதல் படியோடு முடிந்துவிடவும் இல்லை.

முதல்வர் என்னை விரட்டவில்லை. நாற்காலியில் அமரச் சொன்னார். "நீங்கள் சொல்வது உண்மைதான் அம்மா. ஆனால் இதைச் செய்யாத கல்லூரி எது? இணைப்புப் போய்விட்டால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? உங்களையும் என்னையும் சேர்த்து நூறு குடும்பம் தெருவில் நிற்கும்" என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அவருடைய கேள்வி எளிதானதன்று. நூறு குடும்பங்கள் என்பது வெறும் சாக்குப்போக்கு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆயினும் அந்த நூறு குடும்பங்களைக் காக்க, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள் ஆசிரியர் இன்றித் தேர்வறைக்குள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் யாரும் அன்று அந்த அறையில் இருந்து பேச வரவில்லை. துறைத்தலைவரோடும், உண்ட வீட்டைப் பற்றிக் கேட்ட அந்த மூத்தவரோடும் சேர்ந்து மறுபடியும் பேசிப் பார்க்கலாம் என்றேன். இருவரும் கைகூப்பி மறுத்துவிட்டார்கள்.

பிறகுதான் உரிய மேலலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். மூன்று முறை எழுதி, மூன்று முறையும் உரிச்சொற்களை நீக்கினேன். 'மோசடி', 'கொள்ளை' என்ற சொற்கள் போயின. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை நான் பணியில் இருந்தேன், எத்தனை பெயர்கள் பட்டியலில் இருந்தன, எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன், எந்த வகுப்புகள் சேர்த்து நடத்தப்பட்டன என்பவை மட்டும் எஞ்சின. யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. ஆசிரியர் பட்டியலையும், உண்மையில் நடந்த வகுப்புகளின் பதிவையும், ஊதியம் வழங்கப்பட்ட வங்கிக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டினேன். முந்திய ஆண்டின் பொய் அட்டவணையை நானே வரைந்தேன் என்பதையும், அதற்கான விளைவை ஏற்க ஆயத்தமாக இருக்கிறேன் என்பதையும் கடைசிப் பத்தியில் எழுதினேன். அந்தப் பத்தியை எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று. கீழே என் பெயரை முழுமையாக எழுதிக் கையெழுத்திட்டு, ஆவடி அஞ்சலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. வேறொன்றும் வரவில்லை. மே மாதத்தில், அடுத்த ஆண்டுக்கு என் பணி தேவையில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். சான்றிதழ்களைத் திரும்பப் பெறுவதற்கு மூன்று மாதங்கள் நடந்தேன். கடைசியில் என் தந்தை தம் பழைய தொழிற்சாலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னுடன் வந்து, அலுவலக வாசலில் காலைமுதல் மாலைவரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை கொடுத்துவிட்டார்கள். அதன்பின் வீட்டுத் திண்ணையில் கணிதத் தனிவகுப்பு நடத்தத் தொடங்கினேன். வருமானம் பாதியாயிற்று. கணவர் தம் பட்டறையில் கூடுதல் நேரம் உழைத்தார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லாமல் அவர் சுமந்ததையும் நான் அறிவேன்.

ஆண்டுகள் சென்றன. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு செய்தியை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில், 2023–24ஆம் கல்வியாண்டில் 353 பேர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றும், 224 கல்லூரிகள் இதில் அடங்கும் என்றும் அது குற்றஞ்சாட்டியது. சில நாள்களில், அப்போதைய துணைவேந்தர் வேல்ராஜ், ஏறத்தாழ 52,500 ஆசிரியப் பணியிடங்களில் 2,000 அளவிலான இடங்கள் 189 பேரைக் கொண்டே நிரப்பப்பட்டதாகக் காட்டப்பட்டிருக்கின்றன என்று செய்தியாளரிடம் கூறினார். செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

என்னைத் தைத்தது அந்த எண்களின் பெருமையன்று. ஒவ்வொரு கல்லூரியிலும் பதிவேட்டை எடுத்து வைக்கும் எழுத்தர் ஒருவர் இருந்திருப்பார். அட்டவணை வரைந்த ஆசிரியை ஒருத்தி இருந்திருப்பாள். வேனை ஓட்டி வந்தவர் இருந்திருப்பார். நாற்காலிகளை எண்ணியவர் இருந்திருப்பார். ஆயினும் உண்மை, உள்ளே இருந்த எங்கள் வழியாக வெளியே வரவில்லை. எல்லாருடைய கண்ணுக்கும் படும்படி வெளியிடப்பட்டிருந்த ஆசிரியர் பட்டியல்களை, வெளியே இருந்தவர்கள் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்தது. நமக்குத் தகவல் இல்லாதிருக்கவில்லை. வாய்தான் இல்லாதிருந்தது.

அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணிகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை இரகசியமாக வைக்குமாறு வேண்டியிருந்தும், அது பல மேசைகளைக் கடந்து சென்றது. 2003 நவம்பரில் அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு அதிர்ந்தது. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கென ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. இத்தனை ஆண்டுகளாகியும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நம் திருச்சபையும் இந்தப் பாடத்தை வலியோடுதான் கற்றது. எளியோருக்கு எதிரான கொடுமைகளைக் குருக்களும் துறவியரும் அறியவந்தால் அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்றும், தெரிவிப்பவரைத் துன்புறுத்தலாகாது, வாயடைக்கலாகாது என்றும் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் சட்டமாகவே ஆணையிட வேண்டியிருந்தது. மௌனம் எவ்வளவு பெரிய தீங்கு செய்யும் என்பதை அறிந்த ஒரு தந்தையின் ஆணை அது.

எனவே, பணியிடத்தில் ஐயத்துக்குரிய ஒன்றைக் கண்டு கலங்கி நிற்கும் உடன்பிறப்புகளுக்கு, பட்டறிந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விழைகிறேன். கண்டதைக் கண்ட நாளிலேயே தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கண்டது எது, கேட்டது எது, நீங்களாக ஊகித்தது எது என்று பிரித்து வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆவணங்களை முறையின்றி எடுத்துச் செல்லாதீர்கள். எந்த ஆவணத்தில் பார்த்தால் உண்மை தெரியும் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஊராரிடம் பேசாதீர்கள், விசாரிக்கும் அதிகாரம் உடையவரிடம் பேசுங்கள். குடும்பத்தாரிடம் முன்னரே கலந்துகொள்ளுங்கள், விளைவை அவர்களும் சுமக்கவேண்டியிருக்கும். உங்கள் தவறும் அதில் கலந்திருந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைப்போல் ஓராண்டு காத்திராதீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த ஓராண்டின் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். 2024இல் அந்தச் செய்தி வெளிவந்த வாரத்தில் ஒரு பழைய மாணவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. இப்போது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். அவனது இரண்டாம் ஆண்டு, நான் வாய் மூடியிருந்த அதே 2015. மூன்றாம் பருவத்துக் கணிதத்தாளில் நான்கு முறை தோற்றவன் அவன். அந்தத் தாளால் பட்டம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

"மேடம், எங்க செக்ஷனுக்கு அந்த செமஸ்டர்லே கணக்குக்கு யாரு வந்தாங்க?" என்று கேட்டான்.

நான் சற்றுத் தயங்கி, "யாரும் வரவில்லையப்பா. பதிவேட்டில் ஒரு பெயர் மட்டும் வந்தது" என்றேன்.

மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு, "அப்போ எனக்கு மண்டை இல்லாததால இல்லையா மேடம்? பூரியர் தொடர் எல்லாம் நம்ம மாதிரி வீட்டுப் பசங்களுக்கு ஏறாதுன்னு எங்கப்பாகிட்டே சொல்லிட்டேனே மேடம்" என்றான். அவன் குரல் உடைந்தது.

ஒன்பது ஆண்டுகளாக ஓர் இளைஞன், மற்றவர்கள் செய்த தவற்றைத் தன் அறிவின் குறையாகச் சுமந்து வந்திருக்கிறான். நானும் அந்த மற்றவர்களுள் ஒருத்தி. அதை அவனிடம் சொன்னேன். அட்டவணையை வரைந்தது நான் என்று சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "நீங்க எழுதிப் போட்டீங்கன்னு கேள்விப்பட்டோம் மேடம். அதனாலதான் உங்ககிட்டே கேட்டேன்" என்றான். மறு ஞாயிறு திருப்பலி முடிந்து நான் வீடு திரும்பியபோது, தன் தந்தையையும் அழைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருந்தான். அந்தப் பெரியவரின் முன்னிலையில், அவர் மகன் தோற்றதற்கு அவன் மட்டுமே காரணமல்லன் என்று என் வாயால் மீண்டும் ஒருமுறை சொல்லவேண்டும் என்பது அவன் விருப்பம். சொன்னேன். அந்த முதியவர் ஒன்றும் பேசவில்லை. மகனின் தோளில் கையை வைத்து, அதை எடுக்காமல் வெகுநேரம் அமர்ந்திருந்தார்.

அவர்கள் சென்ற பிறகு என் மகளை அழைத்து, விவிலியத்தைத் திறந்து அந்த அட்டையைக் காட்டினேன். என் கடிதத்துக்கு யாரும் பதில் எழுதவில்லை என்று இத்தனை நாளும் வருந்தியிருந்தேன். பதில் வேறு முகவரியிலிருந்து வரவேண்டியிருந்தது போலும். வகுப்பில் பெயர் வாசிக்கும்போது, "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்று சொல்லப் பழகியவர்கள் நாம். நம் பெயர் வாசிக்கப்படும் வேளையில், இருந்தும் இல்லாதவர்களாய் இராமல், காலந்தாழ்த்தாமல் எழுந்து நிற்கும் வரத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.